ஒன்றேமுக்கால் ஜன்னல் ஆறு

ஆற்றின் விலை பதினெட்டு லட்சத்து இருபதாயிரம். முழு ஆறு அல்ல. பத்தொன்பதாம் மாடியில் ஒரு வீட்டின் கூடத்திலிருந்து தெரிகிற அளவு மட்டும். அதில் குளிக்க முடியாது, துணி அலச முடியாது, தூண்டில் போட முடியாது. பார்க்கலாம். அதே ஆற்றை லிஃப்டில் இறங்கி, சாலையைக் கடந்து, பத்து நிமிடம் நடந்துபோய்ப் பார்த்தால் காசு கிடையாது. இவ்வளவு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்த கூலியைச் சேர்த்திருப்பார்கள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே வாடகைக் கடை, ஒரே சுழல் நாற்காலி, எதிர்ச் சுவரில் ஒரே எழுத்துப் பலகை. கடைக்குச் சொந்தக்காரர் திடீரென்று இடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். "முதல் உரிமை உங்களுக்குத்தான். எண்பத்திரண்டு லட்சம், மாடி அறையும் சேர்த்து. முப்பதாம் தேதி வரைக்கும் பாப்பேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது." பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் அன்றிலிருந்து வணக்கம் சொல்லும் சாக்கில் தினமும் உள்ளே வந்து, நடுச்சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எந்த இடத்தில் இடிக்கலாம் என்று பார்க்கிறார்.

ஆகவே வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. போன வருடம்தான் இருந்த சேமிப்பையெல்லாம் கொட்டி வீட்டைப் புதுப்பித்திருந்தார்கள். புதுத் தரை, புதுச் சமையல் மேடை, சொட்டாத குழாய்கள். கூடத்தில் பழைய ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டு அகலக் கண்ணாடி போட்டிருந்தது. கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. கீறல் விழாத உயர்ந்த ரகம்.

மனைவியின் தம்பி வீட்டுத் தரகர். அவரே விளம்பரம் எழுதினார்: 'புதுப்பிக்கப்பட்ட வீடு. பத்தொன்பதாம் மாடி. கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆறு.'

"தொண்ணூறு கேப்போம் அத்தான். எண்பத்தஞ்சுல வந்து நிக்கும். பத்திரச் செலவு, என் தரகு எல்லாம் போக, கடையை வாங்கக் கரெக்டா இருக்கும்."

"அக்கா வீட்டுக்கும் தரகாடா?" என்றார் மனைவி.

"அக்காங்கறதால பாதி. அக்கா இல்லேன்னா முழுசு. இதுக்கு மேல பாசம் காட்ட எனக்குக் கட்டுப்படியாகாது."

விளம்பரம் வந்த மூன்றாம் நாள் கதவிடுக்கு வழியே உரிமையாளர் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. பொருள்: ஆறு எனும் சொல்லை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தியது.

சங்க அலுவலகம் தரைத்தளத்தில் பம்பு அறையை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. செயலாளர் அம்மாள் நான்கு ரப்பர் முத்திரைகளையும் நான்கு மைப்பெட்டிகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்பு ஓடும்போது முத்திரைகள் தாமாகவே மேசையில் ஓரங்குலம் நகர்ந்தன. அவர் பார்க்காமலேயே இழுத்து வைத்துக்கொண்டார்.

"வீட்டை விக்க உங்களுக்குத் தடையில்லாச் சான்று வேணும். உங்க வீடு ஆத்துப் பக்கம். அதனால அதுக்கு முன்னாடி காட்சிச் சான்று வேணும்."

"மேடம், ஆறு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு..."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க. சார், ஆறுங்கறது சும்மா ஓடிக்கிட்டிருக்கற விஷயம் இல்ல. பொதுச் சொத்து. மாடிப்படி, தண்ணித் தொட்டி, ஆறு. மூணும் ஒரே பிரிவுல வருது."

"நம்ம சங்கம் வர்றதுக்கு முன்னாடியே ஆறு இருந்துச்சே?"

"இருந்துச்சு. ஆனா பதிவேடு இல்லாம இருந்துச்சு" என்றார் அம்மாள், அநாதைப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரலில்.

விதி எளிமையானது. ஆற்றை அளக்கும் அலகு ஜன்னல். நாலடிக்கு ஐந்தடிச் சட்டத்துக்குள் நிறைய ஆறு தெரிந்தால் ஒரு ஜன்னல் ஆறு. விலை பத்து லட்சத்து நாற்பதாயிரம். விற்கும்போது அதில் கால் பங்கு சங்கத்துக்கு. வாங்குகிறவர் மாதாமாதம் ஜன்னலுக்கு இரண்டாயிரம் காட்சிப் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

"காட்சியை எப்படி மேடம் பராமரிப்பீங்க?"

"பதிவேட்டுலதான்."

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அளவை நடந்தது. காட்சி அளவையாளர் நிலஅளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அதே கட்டடத்தின் பின்பக்கம் நாலாம் மாடியில், எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி குடியிருப்பவர். ஆற்றின் மீது ஆசையில்லாதவர்தான் நடுநிலையாக அளப்பார் என்று பதினொரு வருடத்துக்கு முன் அவரை நியமித்தார்கள். நூலால் நூறு கட்டங்கள் பின்னிய மரச்சட்டம் ஒன்றை அவர் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்னால் பதிவேட்டுடன் செயலாளர் அம்மாள்.

மனைவி தேநீர் கொண்டுவந்தார். அம்மாள் கை காட்டித் தடுத்தார். "ஆவி எழும்பும். அளவை முடியட்டும்."

பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க ஆத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. விண்ணப்பதாரர் பாத்தா அளவையாளருக்கு நெருக்கடி கொடுத்த மாதிரி ஆயிடும். விதி பதினாலு."

சொந்த வீட்டில் சொந்த ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சமையலறையைப் பார்த்து நின்றார் வீட்டுக்காரர். நிற்பதற்கு முன் தொழில் புத்தியில் ஒன்றை மட்டும் கவனித்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடி, பிறகுதான் முகம். அளவையாளரின் கண்ணாடியில் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருந்தது. வில்லைகள் பழைய தோசைக் கல் போல... அந்த அளவுக்குக் கீறல். பத்து வருடத்துக்குக் குறையாது.

கட்டங்களை எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவே ஒரு பாராட்டு: "நல்ல நீலம். அலையே இல்ல. ஒழுக்கமான ஆறு."

அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. ஒன்றேமுக்கால் ஜன்னல். அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். முகம் மாறியது.

"பழைய அளவு ஒரு ஜன்னல்தான். முக்கால் ஜன்னல் எங்கேருந்து வந்துச்சு?"

"சுவரை எடுத்தோம் மேடம். புதுப்பிச்சப்போ."

"அப்ப முக்கால் ஜன்னல் ஆக்கிரமிப்பு." அம்மாள் பச்சை மையை மூடிவிட்டுச் சிவப்பு மையைத் திறந்தார்.

ஆற்றின் கால் பங்கு நாலு லட்சத்து ஐம்பத்தையாயிரம். ஆற்றை ஆக்கிரமித்ததற்கு அபராதம் எழுபத்தையாயிரம். ஆக ஐந்து லட்சத்து முப்பதாயிரம். எண்பத்தைந்தில் இதைக் கழித்தால் எண்பதுக்குக் கீழே வந்துவிடும். செருப்புக் கடைக்காரர் நடுச்சுவரைத் தட்டுகிற சத்தம் பத்தொன்பதாம் மாடியிலும் வீட்டுக்காரருக்குக் கேட்டது.

"நாம எங்கங்க ஆத்தைப் பாத்தோம்?" என்றார் மனைவி, அவர்கள் போனதும். மனைவி துணிக் கடைகளுக்குக் கால்சட்டை நீளம் குறைத்துத் தைத்துத் தருகிறவர். வெளிச்சம் ஊசியில் பட்டுக் கூசுகிறதென்று தையல் இயந்திரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். "நீங்க காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒம்பதுக்கு வர்றீங்க. ஞாயித்துக்கிழமை தூங்கறீங்க. எனக்கு எந்நேரமும் சுவரு. பாக்காத ஆத்துக்கு எதுக்குக் காசு? அதையே எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். மேல்முறையீடு தலைவரிடம் வந்தது. தலைவர் காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்பீட்டு மனுக்களை நிராகரிக்கும் பிரிவில் பணியாற்றி, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர். மனுவை இரண்டு முறை படித்தார். நிராகரிக்க முடிகிற எதையும் அவர் மரியாதையோடுதான் படிப்பார்.

"நீங்க ஆத்தைப் பாக்கலேன்னு சொல்றீங்க. நான் நம்பறேன். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா நாங்க கட்டணம் வாங்கறது பாத்ததுக்கு இல்ல தம்பி. பாத்திருக்கலாம்ங்கறதுக்கு. பாத்தவங்களுக்கு மட்டும்தான் கட்டணம்னா, நாளைக்கு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துடுவாங்க. அப்புறம் சங்கம் எப்படி நடக்கும்?"

"சங்கம் எதுக்குங்க நடக்கணும்?" வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கட்டணம் வாங்க!" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பின்பக்கம் அறுபது குடும்பம் ஆறு இல்லாம இருக்காங்க. நீங்க பதினாலு வருஷம் ஒரு ஜன்னல் ஆத்தை வீணாக்கியிருக்கீங்க. அதை நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. இதுக்குத் தனியா ஒரு விதி இருக்கான்னு பாக்கச் சொல்றேன்."

விதி இல்லை. அடுத்த கூட்டத்தில் இருக்கும் என்று அம்மாள் ஆறுதல் சொன்னார்.

இருபத்திரண்டாம் தேதி மச்சான் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். சரக்குக் கப்பலில் முப்பத்திரண்டு வருடம் சமையல்காரராக இருந்தவர். தரை ஆடாத இடத்தில்கூடக் காலை அகட்டி வைத்து நடந்தார். சமையல் மேடையைத் தடவிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், அலமாரிகள் அலைக்குத் திறந்துகொள்ளாதா என்று இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. மச்சான் இதுதான் சமயம் என்று கூடத்துத் திரைச்சீலையைச் சர்ரென்று இழுத்தார்.

"மூடுங்க, மூடுங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் சமையல்காரர். "அது என்ன, தண்ணியா?"

"ஆறு சார். ஒண்ணேமுக்கா ஜன்னல்!"

"முப்பத்திரண்டு வருஷம் தண்ணியப் பாத்துட்டேன் தம்பி. அரிசி களையும்போதுகூட வேற பக்கம் பாத்துக்குவேன். எண்பத்தஞ்சு தரலாம்னு வந்தேன். தண்ணிக்கு அரை லட்சம் கழிச்சுக்குங்க. எண்பத்து நாலரை."

மச்சான் தரகில் இறங்கிப் பத்தொன்பது வருடமாகிறது. ஆற்றுக்காகக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். ஆற்றுக்காகக் கழிவு கேட்டு இப்போதுதான் பார்க்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"சரி அண்ணா. எண்பத்து நாலரை. அட்வான்ஸ் எப்போ?"

"இருங்க. மாசாமாசம் மூவாயிரத்து ஐந்நூறு ஆத்துக்குக் கட்டணும்னு கீழே ஒரு அம்மா சொன்னாங்களே? பாக்காத தண்ணிக்கு நான் எதுக்குக் கட்டணும்? ஆறே இல்லேன்னு சங்கத்துல எழுதி வாங்கிக் குடுங்க, நாளைக்கே முழுப் பணம். இல்லேன்னா எதிர்ப்பக்கம் ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா முழுச் சுவர். அருமையான சுவர்."

ஆறு இருக்கிறது என்று விளம்பரம் கொடுத்தவர், ஆறு இல்லை என்று எட்டு நாளைக்குள் நிரூபிக்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் அன்று கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வலது வில்லையை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மறு அளவைக்குக் கட்டணம் கட்டினார். இருபத்தைந்தாம் தேதி அதே மரச்சட்டம், அதே பதிவேடு. இந்தத் தடவை தலைவரும் வந்தார். விதி பதினான்கின்படி வீட்டுக்காரர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆனால் சட்டைப் பையில் கடையின் கைக்கண்ணாடி இருந்தது. வாடிக்கையாளர்கள் புதுச் சட்டகத்தை மாட்டிக்கொண்டு அழகு பார்ப்பதற்கு வைத்திருப்பது. கையில் எடுத்து, தலை வாருகிறவர் போலப் பிடித்தார். விதி பதினான்கு முதுகைப் பற்றித்தான் பேசுகிறது, கைக்கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அளவையாளரின் விரல் நூல் கட்டங்களில் ஊர்ந்தது. "அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது..." விரல் போகிற வழியைக் கைக்கண்ணாடிக்குள் பின்தொடர்ந்த வீட்டுக்காரருக்கு முதலில் தன் கண்மீதுதான் சந்தேகம் வந்தது. விரல் போய் நின்ற இடம், கரைக்கு இப்பக்கம் லாரிகள் நிறுத்தும் கொட்டகை. அதன் கூரை முழுவதும் நீலத் தகரம். ஆறு அதற்கு இடப்பக்கம் தள்ளி, பழுப்பு நிறத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றார் மெல்ல. "கண்ணாடி மாத்தி எத்தனை வருஷமாச்சு?"

"எதுக்கு மாத்தணும்? இதே கண்ணாடியிலதான் பதினோரு வருஷமா அளக்கறேன். ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல."

"குறை சொல்லல ஐயா. ரெண்டு நிமிஷம் உக்காருங்க. தொழில் புத்தி, விடமாட்டேங்குது."

சோதனைச் சட்டகமும் வில்லைப் பெட்டியும் வீட்டில் எப்போதும் ஒரு செட் இருக்கும். அளவையாளரை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, சட்டகத்தை மூக்கில் ஏற்றினார். இப்போது அவர் விண்ணப்பதாரர் அல்ல, கடைக்காரர். குரலே மாறிவிட்டது.

"இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டாவது."

"இப்போ?"

அளவையாளர் எழுந்து ஜன்னலுக்கு அருகில் போனார். நெற்றி கண்ணாடியில் முட்டியது.

"ஆத்து மேல எதுக்குய்யா டயர் கிடக்குது?"

"அது தகரம் ஐயா. காத்துல பறக்காம இருக்க டயர் வச்சிருக்காங்க."

"அப்ப ஆறு?"

"இடது பக்கம். இன்னும் இடது. அந்தப் பழுப்பு."

அளவையாளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மரச்சட்டத்தை எடுத்து எண்ணினார். "கால் ஜன்னல். அதுகூட இழுத்துப் பிடிச்சாத்தான்."

"இதுவரைக்கும் எத்தனை சான்று குடுத்திருக்கோம்?" என்று கேட்டார் தலைவர், செயலாளரைப் பார்க்காமல்.

"அறுபத்து மூணு" என்றார் அம்மாள், பதிவேட்டைப் பார்க்காமல்.

கதவோரம் நின்ற மனைவி அப்போதுதான் பேசினார். "அது தகரம்னு எனக்கு எப்பவோ தெரியுமே. மழை பெய்யும்போது சத்தம் வேற கேக்குமே."

"தெரியுமா? நீ ஏன் சொல்லல?" என்றார் கணவர்.

"விக்கற வீட்டுல நின்னுக்கிட்டு எவளாவது தகரம்னு சொல்லுவாளா?"

அதுதான் விஷயம். அறுபத்து மூன்று வீடுகளிலும் அது தெரியும். விற்றவன் சொல்லவில்லை. வாங்கியவனும் என்றைக்காவது விற்கப்போகிறவன், ஆகவே அவனும் சொல்லவில்லை. தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர்: அளந்தவர், ஜன்னல் பக்கமே திரும்பாத இந்த வீட்டுக்காரர்.

நிர்வாகக் குழு அந்தக் கூடத்திலேயே அவசரமாகக் கூடியது. தலைவர் எழுந்து நின்றார். தையல் இயந்திரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"பதட்டப்பட ஒண்ணுமில்ல. சான்றுல ஆறு இருக்கு. ஜன்னலுக்கு வெளியே ஆறு வேற இடத்துல இருக்கு. தப்பு சான்று மேல இல்ல. ஆறு ஏன் தள்ளிப் போச்சு? அது ஆத்தோட நடத்தை. அதுக்குச் சங்கம் பொறுப்பேற்க முடியாது. பதினோரு வருஷமா நாம நாணயமா ஒரு பொருளை அளந்திருக்கோம், நாணயமா காசு வாங்கியிருக்கோம். அந்தப் பொருள் எதுங்கறது ஒரு நுணுக்கமான கேள்வி. ஆகவே நான் முன்மொழியறேன்: அளக்கப்பட்ட அந்த நீல நிறப் பொருளே இனி ஆறு. பழுப்பா ஓடறது இதர நீர்நிலை."

செயலாளர் அம்மாள் வழிமொழிந்தார். அளவையாளர் வழிமொழியவில்லை. சோதனைச் சட்டகத்தைக் கழற்றாமலே ஜன்னலோரம் நின்றிருந்தார். "பாலம் ஒண்ணு இருக்கு" என்றார் யாரிடமோ. "பாலத்துல ஆளுங்க நடக்கறாங்க."

மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது யாரும் ஆவியைப் பற்றிப் பேசவில்லை.

"நல்ல தீர்மானம் ஐயா" என்றார் மனைவி. "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. ஆனா லாரி கொட்டகைக்காரர் கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கப் போறாராம். அவரு வீட்டுக் கால்சட்டை நான்தான் தைக்கறேன். ஆறு சிவப்பாயிட்டா மத்த அறுபத்து ரெண்டு பேரும் இங்கதான் வந்து கேப்பாங்க. நாங்க என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிக் குடுங்க, அதையே சொல்றோம்."

தலைவர் தேநீரைக் கீழே வைத்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஆறு இல்லேன்னு ஒரு காகிதம். அவ்வளவுதான். கட்டணம், அபராதம் எதுவும் வேணாம். நாங்க முப்பதாம் தேதி காலி பண்ணிட்டுப் போயிடறோம். கடை மாடி அறையில எங்களுக்கு ஜன்னலே ஒண்ணுதான், அதுவும் தெருப்பக்கம்."

"ஆறு இல்லேன்னு எழுத முடியாதும்மா. அது கட்டடத்தோட மதிப்பு. ஒரு வீட்டுல இல்லேன்னா மேல் வீட்டுல எப்படி இருக்கும்?"

"அப்ப தகரம்னு எழுதுங்க."

"அய்யய்யோ!"

பேரம் முக்கால் மணி நேரம் நடந்தது. மனைவி ஒரு சொல் கேட்பார், தலைவர் அரைச் சொல் தருவார். தேநீர் இரண்டாம் தடவையும் வந்தது. கடைசியில் இரு தரப்புக்கும் சம நஷ்டமான ஒரு வாசகத்தில் வந்து நின்றார்கள். செயலாளர் அம்மாள் இதுவரை திறக்காத நாலாவது மைப்பெட்டியைத் திறந்து முத்திரை குத்தினார்:

'மேற்படி வீட்டின் ஜன்னலிலிருந்து பார்க்கத்தக்க பொருள் எதுவும் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

சமையல்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது போலிருந்தது. "இப்படி ஒரு வீட்டைத்தான் முப்பத்திரண்டு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். அடுத்த நாள் முழுப் பணமும் வந்தது. இருபத்தெட்டாம் தேதி கடை கைக்கு வந்தது. செருப்புக் கடைக்காரர் அன்று வணக்கம் சொல்ல வரவில்லை.

முப்பதாம் தேதி பிற்பகல் சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. லிஃப்டில் கடைசியாகத் தையல் இயந்திரம் இறங்கியது. ஆட்கள் திரும்பி வரும்வரை வேலை இல்லை. வெறும் கூடத்தில் புதுத் தரைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். முதுகு காட்டச் சொல்ல யாரும் இல்லாததால் ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம். பழுப்புத் தண்ணீரில் ஒரு படகு போனது. மணல் ஏற்றியதா, காலியா என்று மனைவி கேட்டார். காலி என்றார் அவர். இல்லை, ஏற்றியதுதான், நல்லா பாருங்க என்றார் மனைவி. அவர் நல்லா பார்த்தார். பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணினார்கள். பதினேழு. படகு பாலத்தைத் தாண்டிப் போகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கடையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்.

வீடு விற்ற வரவு: 84,50,000.
கடை: 82,00,000.
பத்திரச் செலவு, கட்டணங்கள்: 1,60,000.
மச்சான் தரகு, அக்கா என்பதால் பாதி: 42,250.
லாரி, ஏற்றுக்கூலி: 9,000.
பார்க்க எதுவும் இல்லை என்ற சான்றுக்குக் கட்டணம்: 500.
கையிருப்பு: 38,250.

வரவேண்டியது: காட்சி அளவையாளருக்குப் புதுக் கண்ணாடி, சங்கத்தின் பேரில், 2,400. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து அவர் எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போட மறுப்பதால், இந்தச் செலவைச் சங்கம் ஏற்காது என்று பதில் வந்திருக்கிறது.

பேனாவை மூடப்போனவர், யோசித்து, இன்னொரு வரி சேர்த்தார்.

தரவேண்டியது: ஆறு பார்த்தது, கால் ஜன்னல், இரண்டு பேர், இருபது நிமிடம். சங்கத்துக்குத் தெரிவிக்கவில்லை. பாக்கி.